சம்பளம் கூடி மெடிக்கெய்ட் நிற்கிறதா? டி.எம்.ஏ.வைத் தவறவிடாமல் இருக்க

அமெரிக்காவில் பெற்றோரின் சம்பளம் உயர்ந்ததும் குடும்பத்தின் மெடிக்கெய்ட் (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) அந்த மாதமே நின்றுபோக வேண்டியதில்லை. டிரான்சிஷனல் மெடிக்கல் அசிஸ்டன்ஸ் (டி.எம்.ஏ.) என்ற ஏற்பாட்டில் அதை ஓராண்டு வரை நீட்டிக்கலாம்.

1. நின்றது எது என்று உங்களுக்கு வந்த நிறுத்தக் கடிதத்தில் பாருங்கள். டானஃப் (பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கான பண உதவி) உதவித்தொகையையும் மெடிக்கெய்டையும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்துவிட்டது. பணம் நின்றால் மருத்துவமும் தானாக நிற்காது. பணமே வாங்காதவருக்கும் டி.எம்.ஏ. உண்டு.

2. காரணத்தைப் பாருங்கள். பெற்றோரின் வேலை வருமானமோ வேலை நேரமோ கூடியதால் தகுதி போயிருக்க வேண்டும். முன்னாள் துணையிடமிருந்து வரும் ஜீவனாம்சம் கூடியதால் போனால் அது வேறு வழி, 4 மாதம்தான். காரணம் ‘வருமானம்’ என்று மொட்டையாக இருந்தால், எந்த வருமானம் என்று எழுத்தில் கேளுங்கள்.

3. தகுதி போன மாதத்துக்கு முந்தைய 6 மாதங்களில் குறைந்தது 3 மாதம், பெற்றோர் பிரிவு மெடிக்கெய்டில் இருந்திருக்க வேண்டும். தொடர்ந்து மூன்றாக இருக்கத் தேவையில்லை. வீட்டில் பிள்ளையும் இருக்க வேண்டும்.

4. பலரும் கோட்டைவிடும் இடம் இது. முதல் 6 மாதத்துக்கு வருமான வரம்பு கிடையாது என்பதால் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். ஆனால் டி.எம்.ஏ. தொடங்கியதிலிருந்து 4, 7, 10ஆம் மாதங்களின் 21ஆம் தேதிக்குள் முந்தைய மூன்று மாதச் சம்பள, டேகேர் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். பிப்ரவரியில் தொடங்கினால்:

மே 21: பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் கணக்கு
ஆகஸ்ட் 21: மே, ஜூன், ஜூலை
நவம்பர் 21: ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர்

மே 21 கணக்கு போகாவிட்டால் இரண்டாவது 6 மாதம் கிடைக்காது. சில மாநிலங்கள் இந்தக் கணக்கெல்லாம் கேட்காமல் 12 மாதத்தையும் ஒரேயடியாகத் தருகின்றன. உங்கள் மாநிலம் எப்படி என்று முதலிலேயே விசாரியுங்கள். போனில் சொன்னால் போதும் என்பதை நம்பாதீர்கள். இணையத்தில் ஏற்றி, ஏற்றியதற்கான ரசீதைச் சேமிப்பதே நல்லது.

5. இரண்டாவது 6 மாதத்துக்கு, பிடித்தம் போவதற்கு முந்தைய மொத்தச் சம்பளத்திலிருந்து, வேலைக்குப் போவதற்காகச் செலுத்தும் டேகேர் (குழந்தைக் காப்பகம்) கட்டணத்தைக் கழித்துச் சராசரி பார்ப்பார்கள். அது அமெரிக்க அரசு அறிவிக்கும் வறுமைக்கோட்டின் 185 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மூவர் குடும்பத்துக்கு 2025 கணக்கில் மாதம் சுமார் 4,108 டாலர். சம்பளம் 4,400, 4,700, 4,600 என்றால் சராசரி 4,567, வரம்பைத் தாண்டிவிட்டது. மாதம் 500 டாலர் டேகேரைக் கழித்தால் 4,067, தப்பித்தது. டேகேர் ரசீது இல்லாமல் கணக்கு அனுப்பாதீர்கள்.

பின்சேர்க்கை: நடுவில் வேலை போனால் டி.எம்.ஏ.வும் போய்விடுமா என்று பலர் கேட்டிருந்தார்கள். இரண்டாவது கட்டத்தில் சம்பளமே இல்லாத மாதம் வந்தால் நிறுத்தலாம். ஆனால் ஆட்குறைப்பு, நோய் போன்ற நியாயமான காரணம் இருந்தால் நிறுத்தக் கூடாது. கணக்கோடு ஆட்குறைப்புக் கடிதத்தையும் இணையுங்கள். அப்படியும் நிறுத்தக் கடிதம் வந்தால், அதில் போட்டிருக்கும் நிறுத்தத் தேதிக்கு முன்பே மேல்முறையீடு கேளுங்கள்; முடிவு வரும்வரை மெடிக்கெய்ட் தொடரும்.