முனியம்மாவின் வாளியில் வேலுவின் பால்: பைத்தானில் முதல் கிளாஸ்

படிவம் 4 படிக்கும் அக்கா மகள் போன மாதம் வந்து, "மாமா, கணினி நிரல்ல கிளாஸ்னா என்ன, ஆப்ஜெக்ட்னா என்ன?" என்று கேட்டாள். அலமாரியிலிருந்து அம்மாவின் 555 நோட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். மளிகைக் கடையில் கடன் எழுத வாங்குவார்களே, அந்தச் சின்ன நோட்டு.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் அம்மா பால் வெட்டினார். இப்போது அங்கே பால்மரம் போய்ச் செம்பனை நிற்கிறது. அன்றைக்கு ஸ்டோரில் பாலை எடை போட்டுக் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) செக்ரோல் என்ற பதிவேட்டில் எழுதுவார். அம்மா லயத்து வீட்டுக்கு வந்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்ததும், அதே எடையைத் தன் நோட்டிலும் எழுதிவைப்பார். காரணம் இருந்தது. ஒருமுறை அம்மாவின் இரண்டு நாள் பால் பக்கத்து நிரையில் (மர வரிசையில்) வெட்டும் அத்தையின் பேரில் ஏறிவிட்டது. நோட்டு இருந்ததால் காசு திரும்பி வந்தது. இந்தக் கதையை மறக்காதீர்கள், கீழே நம் நிரலிலும் இதே கோளாறு வரும்.

செக்ரோலின் வெற்றுத் தாளை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர், தேதிக்கு ஒரு கட்டம், கடைசியில் மொத்தம். யாருடைய பெயரும் இன்னும் எழுதவில்லை. அதுதான் கிளாஸ். புது ஆள் வேலைக்குச் சேர்ந்ததும் கிராணி ஒரு தாளை எடுத்து 'முனியம்மா' என்று எழுதுகிறார் அல்லவா, பெயர் ஏறிய அந்தத் தாள் ஆப்ஜெக்ட். நூறு பேருக்கு நூறு தாள், அச்சு ஒன்றுதான். ஒரே வித்தியாசம், காகிதத் தாளுக்குக் கூட்டத் தெரியாது. கிளாஸுக்குள் கூட்டும் வழியையும் சேர்த்தே எழுதி வைக்கலாம். அதற்கு மெத்தட் என்று பெயர்.

பால் கணக்கை வலிந்து இழுத்து வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1960களில் நார்வேயில் ஓலே-யோஹன் டால், கிறிஸ்டன் நிகோர் என்ற இருவர் சிமுலா என்ற நிரல் மொழியை உருவாக்கியதே நிஜ உலக வேலைகளைக் கணினிக்குள் நடத்திப் பார்க்கத்தான். கிளாஸ், ஆப்ஜெக்ட் இரண்டும் அங்கிருந்து வந்தவை.

நான் பைத்தானைத் தேர்ந்தெடுத்தேன். 1991இல் வெளிவந்த நிரல் மொழி, இலவசம். பள்ளியில் ஜாவா சொல்லிக்கொடுத்தால் அதையும் படியுங்கள். ஆனால் ஜாவாவில் ஒரு வணக்கம் அச்சிடவே பிள்ளைகள் புரியாத மூன்று நான்கு சொற்களை மனப்பாடம் செய்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை. பைத்தான் டாட் ஆர்க் தளத்திலிருந்து இறக்கி நிறுவினால், விண்டோஸில் ஐடில் என்ற சின்ன எழுதுபலகையும் கூடவே வரும். அதைத் திறந்து ஃபைல், நியூ ஃபைல் போங்கள். கணினி இல்லையா? ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பைட்ராய்டு 3 போதும்.

முதலில் நோட்டில் பேனாவால் எழுதுங்கள். அவளையும் அப்படித்தான் எழுத வைத்தேன், முகம் சுளித்துக்கொண்டே எழுதினாள்.

    கிளாஸ் தொழிலாளி:
        டெஃப் __இனிட்__(செல்ஃப், பெயர்):
            செல்ஃப்.பெயர் = பெயர்
            செல்ஃப்.பால் = []

        டெஃப் நிறு(செல்ஃப், கிலோ):
            செல்ஃப்.பால்.அப்பெண்ட்(கிலோ)

        டெஃப் மொத்தம்(செல்ஃப்):
            ரிட்டர்ன் சம்(செல்ஃப்.பால்)

    முனி = தொழிலாளி("முனியம்மா")
    வேலு = தொழிலாளி("வேலு")
    முனி.நிறு(24)
    முனி.நிறு(19)
    வேலு.நிறு(31)
    பிரிண்ட்(முனி.பெயர், முனி.மொத்தம்())
    பிரிண்ட்(வேலு.பெயர், வேலு.மொத்தம்())

டெஃப் என்று தொடங்குவது ஒவ்வொன்றும் ஒரு மெத்தட். [] என்பது வெற்றுப் பட்டியல், அப்பெண்ட் அதில் ஒன்றைச் சேர்க்கும், சம் எல்லாவற்றையும் கூட்டும், ரிட்டர்ன் விடையைத் திருப்பிக் கொடுக்கும். தட்டும்போது கிளாஸ், டெஃப், இனிட், செல்ஃப், அப்பெண்ட், ரிட்டர்ன், சம், பிரிண்ட் என்ற எட்டுச் சொற்களை மட்டும் ஆங்கிலச் சின்ன எழுத்தில் போடுங்கள். டெஃப் மூன்றே எழுத்து: டி, இ, எஃப் (def). இனிட் நான்கு: ஐ, என், ஐ, டி (init). அதற்கு முன்னால் இரண்டு அடிக்கோடு, பின்னால் இரண்டு. மற்ற பெயர்கள் தமிழிலேயே இருக்கட்டும். 2008இல் வந்த பைத்தான் 3 முதல் தமிழ்ப் பெயர்களை மொழி ஏற்றுக்கொள்கிறது. அலுவலக வேலையில் ஆங்கிலப் பெயர்தான் வைப்பார்கள், தெரியும். படிக்கும் பிள்ளைக்கு எது மொழியின் சொல், எது தான் வைத்த பெயர் என்று ஒரே பார்வையில் பிரிந்து தெரிவது பெரிய உதவி.

வரி உள்ளே தள்ளி நிற்பது அழகுக்காக இல்லை. எது எதற்குள் அடங்கும் என்று பைத்தான் அதை வைத்துத்தான் பார்க்கிறது. ஒவ்வொரு படிக்கும் 4 இடைவெளி. அப்புறம் எஃப்5 தட்டுங்கள், கோப்பைச் சேமிக்கச் சொல்லிவிட்டு ஓடும்.

    முனியம்மா 43
    வேலு 31

இது வந்தால் சரி. வராவிட்டால், கைப்பேசி கிளாஸின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கியிருக்கும். இல்லையென்றால் வேர்டிலிருந்து ஒட்டும்போது வளைந்த மேற்கோள் குறி வந்திருக்கும். இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

இனி செல்ஃப். "யாரோட செல்ஃப் மாமா?" என்றாள். நல்ல கேள்வி, பலர் கேட்காமலே தாண்டிப் போய்விடுகிறார்கள். ஸ்டோரில் வரிசையாக நிற்கிறார்கள். 'என் வாளியை நிறுங்கள்' என்று எல்லோரும் சொல்வது ஒரே வாசகம், ஆனால் யார் சொல்கிறாரோ அவருடைய வாளி. செல்ஃப் அந்த 'என்'. முனி.நிறு(24) என்று எழுதினால் புள்ளிக்கு முன்னால் இருக்கும் முனிதான் செல்ஃப். அடுத்த வரியில் வேலு வந்தால் அவர்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. டெஃப் நிறு என்ற வரியிலிருந்து செல்ஃபையும் அதை அடுத்த காற்புள்ளியையும் மட்டும் அழித்துவிட்டு ஓட்டுங்கள். 'ஒன்று வாங்கத்தான் இடம் இருக்கிறது, இரண்டு கொடுத்திருக்கிறாய்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பிழை வரும். நாம் கொடுத்தது 24 மட்டும்தானே? அந்த இன்னொன்று முனி. புள்ளி வழியாக அவரும் உள்ளே போகிறார், அவரை வாங்கிக்கொள்ளத்தான் செல்ஃப். இந்தப் பிழையைப் பார்த்த பிறகு அவள் செல்ஃபை மறக்கவே இல்லை.

இப்போது அம்மாவின் கதைக்கு வருவோம். ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக ஏன் எழுத வேண்டும் என்று, அவள் பால் பட்டியலை இனிட்டுக்கு வெளியே, கிளாஸ் வரிக்கு நேர் கீழே கொண்டுபோய் வைத்தாள்.

    கிளாஸ் தொழிலாளி:
        பால் = []

இனிட்டுக்குள் இருந்த பால் வரியை எடுத்துவிட்டாள். ஓட்டினோம். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் திரையில்:

    முனியம்மா 74
    வேலு 74

அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நிரலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. "வேலு பால முனியம்மா பேர்ல ஏத்திட்டியேடி" என்றார்.

அதேதான். இனிட்டுக்குள் எழுதிய வரி ஒவ்வொரு ஆப்ஜெக்ட் பிறக்கும்போதும் ஓடும், அதனால் ஆளுக்கொரு வாளி. கிளாஸுக்கு நேர் கீழே எழுதிய வரி கிளாஸ் உருவாகும்போது ஒரே ஒருமுறை ஓடுகிறது. அது ஸ்டோர் வாசலில் வைத்த ஒரே தொட்டி, எல்லோரும் அதில்தான் ஊற்றுகிறார்கள். 24, 19, 31 எல்லாம் சேர்ந்து 74. பிழைச் செய்தியோடு வரும் தப்பு நல்லவன் மாதிரி, கூப்பிட்டுச் சொல்லிவிடும். இப்படிச் சத்தமில்லாமல் வருவதுதான் மாதக் கடைசியில் சம்பளத்தைக் கெடுக்கும். தோட்டத்தின் பெயர் போல எல்லோருக்கும் பொதுவானது என்றால் கிளாஸுக்குக் கீழே வைக்கலாம். ஆளுக்கு ஆள் மாறுவது இனிட்டுக்குள் போகட்டும்.

பால் வரியை மறுபடி இனிட்டுக்குள் வைத்துவிடுங்கள். இதற்கு மேல் ஒன்று சேர்க்க ஆசை இருந்தால் உலர் எடையைச் சேருங்கள். வாளியில் இருப்பது முழுக்க ரப்பர் இல்லை, பாதிக்கு மேல் தண்ணீர். ஸ்டோரில் ரப்பர் சதவீதம் பார்த்துத்தான் காசு போடுவார்கள்.

        டெஃப் உலர்(செல்ஃப், சதவீதம்):
            ரிட்டர்ன் செல்ஃப்.மொத்தம்() * சதவீதம் / 100

வேலுவுக்கு 30 சதவீதம் போட்டால் 9.3 கிலோ வரும். ஒரு மெத்தட் இன்னொரு மெத்தட்டைக் கூப்பிடுவதைக் கவனியுங்கள். கூட்டலை மறுபடி எழுதவில்லை.

அவள் சராசரி போடும் மெத்தட் ஒன்றையும் எழுதி, 555 நோட்டில் ஒரு மாதத்தைத் தட்டி உள்ளே ஏற்றினாள். அம்மா கேட்டார்: "மழை நாள எங்க போடுவ?" மழை பெய்தால் வெட்டு இல்லை. 0 என்று ஏற்றினால் சராசரி இறங்கிவிடும். ஏற்றாமலே விட்டால் எத்தனை நாள் வெட்டு நின்றது என்று தெரியாது. நோட்டில் அம்மா அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் கிழித்து வைத்திருக்கிறார். அந்தக் கோட்டைப் பைத்தானில் எப்படி எழுதுவது என்று பாட்டியும் பேத்தியும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.