வயல் மூலைக் கோணத்தைச் சரிபாதியாக்க ஒரு கயிறு போதும்

வயலின் மூலையில் ஒரு முளை அடியுங்கள். அங்கிருந்து இரண்டு வரப்புகளிலும் 10 அடி அளந்து, வரப்புக்கு ஒரு முளை. 25 அடிக் கயிற்றின் சரிநடுவில் முடிச்சுப் போட்டு, முனைகளை அந்த இரண்டு முளைகளிலும் பிடித்துக்கொண்டு, முடிச்சை வயலின் உள்பக்கமாக விறைப்பாக இழுங்கள். மூலை முளையிலிருந்து முடிச்சு வரை போகும் கோடுதான் கோண இருசமவெட்டி. பாகைமானியே வேண்டாம்.

கோட்டின் இருபுறமும் உருவாகும் முக்கோணங்களில் 10 அடி, 12.5 அடி, அப்புறம் பொதுவான பக்கம் என மூன்றும் சமம். அதனால் கோணமும் சமம். இந்தக் கோட்டில் எங்கே தென்னங்கன்று வைத்தாலும் இரண்டு வரப்புக்கும் ஒரே தூரம் இருக்கும். தூரத்தை வரப்புக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும்.

வாய்க்காலை ஒட்டி வளைந்து போகும் வரப்புக்கு இது ஒத்துவராது. நம் டெல்டாவில் அப்படிப்பட்ட வரப்புகள் நிறையவே உண்டு. முக்கியமாக, பாகம் பிரிக்க இதை நம்பாதீர்கள். முக்கோணத் துண்டு ஒன்றில் மூலையை ஒட்டிய பக்கங்கள் 60, 40 அடி, எதிர்ப்பக்கம் 50 அடி என்றால், இருசமவெட்டி எதிர்ப்பக்கத்தை 30, 20 என்றுதான் வெட்டும். பரப்பும் அதேபோல் 3:2 ஆகிவிடும். சமபாகம் வேண்டுமென்றால் எதிர்ப்பக்கத்தில் 25 அடியில் முளை அடித்து, மூலை முளையிலிருந்து அதற்குக் கயிறு கட்டுங்கள்.