டொன்கட்சு கடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானில் பன்றி இறைச்சியைத் தடிமனாக வெட்டி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்துத் தரும் உணவுக்கு டொன்கட்சு என்று பெயர். பல கடைகளில் பொரித்த துண்டைத் தட்டின் மேல் நேராக வைக்காமல், தட்டுக்குள் இருக்கும் ஒரு சிறிய கம்பி வலையின் மேல் வைத்துக் கொண்டுவருவார்கள். சூடான துண்டின் அடியிலிருந்து வரும் ஆவி தட்டில் பட்டு நீராகிவிட்டால் அந்த ஈரம் மேல்தோலை ஊறவைத்துவிடும் என்பதே இதற்குக் காரணம். சில நிமிடங்களே நிற்கும் அந்த மொறுமொறுப்பைக் காப்பாற்றுவதற்காகச் சமையற்காரர் இவ்வளவு கவனம் எடுத்துக்கொண்டிருக்க, உண்ண வருபவர் அறியாமல் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அதைக் கெடுப்பவையாகவே இருக்கின்றன.

முதல் குழப்பம் பெயரில்தான் வருகிறது. டொன்கட்சு வேறு, டொன்கொட்சு வேறு. பின்னது பன்றி எலும்பை நெடுநேரம் கொதிக்கவைத்து எடுக்கும் வெண்ணிறச் சாறு. ஃபுகுஓகாவின் ஹகாட்டா ராமென் என்னும் நூடுல்ஸ் சூப் அதில்தான் செய்யப்படுகிறது. நூடுல்ஸை எதிர்பார்த்து டொன்கட்சு கடைக்குள் நுழைபவர்களும், பொரித்த கறியைத் தேடி ராமென் கடை வரிசையில் நிற்பவர்களும் உண்டு. டொன் என்றால் பன்றி, கட்சு என்பது கட்லெட் என்ற சொல்லின் ஜப்பானியத் தேய்வு என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். தோக்கியோவின் கின்ஸா பகுதியில் 1895-இல் தொடங்கப்பட்ட ரெங்காதெய் உணவகம், பன்றி இறைச்சிக் கட்லெட்டைத் தாங்கள் 1899-இல் பரிமாறத் தொடங்கியதாகச் சொல்லி வருகிறது. மேற்கத்திய உணவாக வந்தது, சோறும், மிசோ என்னும் புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் சூப்பும், ஊறுகாயும் சேர்ந்து, நம் ஊர் மீல்ஸ் போன்ற தெய்ஷோகு என்னும் முழுச் சாப்பாடாக மாறிவிட்டது.

அடுத்தது, எந்தப் பகுதி இறைச்சி என்று யோசிக்காமலே ஆர்டர் செய்வது. ரோசு, ஹிரே என்ற இரண்டு சொற்கள் எல்லாக் கடைகளிலும் இருக்கும். ரோசு முதுகுப் பகுதி; அதன் ஓரத்தில் கொழுப்பு ஒரு பட்டையாக ஓடும். ஹிரே கொழுப்பில்லாத மெல்லிய தசை, மிக மென்மையானது. கொழுப்பு ஆகாது என்று நினைப்பவர்கள் ரோசுவை வாங்கிவிட்டு அந்தப் பட்டையைப் பிய்த்து ஒதுக்குவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ரோசுவின் சுவையே அந்தக் கொழுப்பில்தான் இருக்கிறது. அது வேண்டாதவர் ஹிரேயைக் கேட்டிருக்கலாம். பெயருக்கு முன்னால் ‘ஜோ’, ‘தொகு’ போன்ற அடைமொழிகள் வந்தால் அவை மேல்தர வெட்டைக் குறிப்பவை. குரோபுதா என்று எழுதியிருந்தால் அது பெர்க்‌ஷயர் இனக் கறுப்புப் பன்றி. ககோஷிமா அதற்குப் பெயர் பெற்ற இடம். தோக்கியோ மெகுரோவில் 1939 முதல் இயங்கும் டொன்கி போன்ற கடையில், உள்ளே காலடி வைத்ததுமே ரோசுவா ஹிரேவா என்று கேட்டுவிடுவார்கள். உட்கார்ந்து ஆற அமர யோசிக்கலாம் என்று போகாமல், வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்துவிடுவது நல்லது.

ஆர்டர் கொடுத்த பின்புதான் இறைச்சி மாவிலும் முட்டையிலும் ரொட்டித்தூளிலும் புரண்டு எண்ணெய்க்குள் போகும். தடிமனான துண்டுக்குக் கால் மணி நேரமும் ஆகலாம். எண்ணெயிலிருந்து எடுத்த பிறகும் உள்சூட்டில் வேகட்டும் என்று சற்று நேரம் ஓய்வாக வைப்பார்கள். அவசரப்படுத்துவது பயன் தராது. அந்த இடைவேளையில் சில கடைகளில் ஒரு சிறு உரலும் மரக் குழவியும் வறுத்த எள்ளும் தருவார்கள். உரலின் உட்புறம் முழுவதும் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் ஓடும். குழவியை இடிக்காமல், வட்டமாகத் தேய்க்க வேண்டும். எள் பாதிக்குமேல் உடைந்து, நம் வீட்டில் எள்ளுப்பொடி அரைக்கும்போது எழுகிற அதே மணம் வந்ததும் நிறுத்திவிட்டு, சாஸை அந்த உரலிலேயே ஊற்றிக் கலந்துகொள்ளலாம். எள்ளை முழுதாகக் கறியின் மேல் தூவிவிடுவதும், விழுதாகும்வரை அரைப்பதும் அதன் மணத்தை வீணாக்கிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு சாஸில் நடக்கிறது. தட்டு வந்ததுமே ஐந்தாறு துண்டுகளின் மேலும் ஒரே வீச்சில் சாஸை ஊற்றிவிடுகிறார்கள். நான் முதன்முறை போனபோது செய்ததும் அதுதான். முதல் இரண்டு துண்டுகள் நன்றாக இருந்தன. மூன்றாவதற்குள் சாஸ் ரொட்டித்தூளின் இடுக்குகளில் இறங்கி, ஐந்தாவதை எடுத்தபோது மேல்தோல் ஈரத் துணிபோலக் கழன்று தட்டிலேயே தங்கிவிட்டது. சாப்ஸ்டிக்கில் வெறும் கறி மட்டும் வந்தது. இப்போது நடுத்துண்டு ஒன்றை முதலில் எடுத்து, எதுவும் தொடாமலோ உப்பு மட்டும் தொட்டோ உண்கிறேன். இறைச்சியின் இனிப்பு அப்போதுதான் தெரிகிறது. பிறகு ஒவ்வொரு துண்டாக, உண்ணப்போகும் நேரத்தில் மட்டும் சாஸைத் தொட்டுக்கொள்கிறேன். மேசையில் இரண்டு மூன்று ஜாடிகள் இருந்தால், அவற்றில் ஒன்று முட்டைக்கோஸுக்கான டிரெஸ்ஸிங்காக இருக்கக்கூடும் என்பதையும் கவனித்து ஊற்ற வேண்டும்.

தட்டின் விளிம்பில் மஞ்சளாக ஒரு துளி இருக்கும். அது கராஷி என்னும் கடுகு விழுது. நாம் தாளிக்கும் கடுகின் இனத்தைச் சேர்ந்ததுதான் அதுவும், ஆனால் எண்ணெயில் பொரிந்து காரம் அடங்கிய கடுகைப் பழகிய நாக்குக்கு இது புதிது. பொடியை நீரில் குழைத்ததால் எழும் அதன் காரம் நாக்கில் தங்காமல் நேராக மூக்குக்கு ஏறும். மிளகாய்க் காரத்துக்கு அஞ்சாதவர்கள்தான் இதை அள்ளிப் பூசிக் கண் கலங்குகிறார்கள். ஊசிமுனை அளவு எடுத்து, ரோசுவின் கொழுப்பு மிகுந்த ஓரத்துண்டில் வைத்துப் பாருங்கள். கொழுப்பின் திகட்டலை அது எவ்வளவு அழகாக அறுக்கிறது என்பது விளங்கும்.

முட்டைக்கோஸை அலங்காரம் என்று ஒதுக்குவதும் தவறே. நூல்போல் அரிந்த அந்தக் குவியல்தான் இரண்டு துண்டுகளுக்கு நடுவில் வாயைக் கழுவித் தருகிறது. பல கடைகளில் முட்டைக்கோஸ், சோறு, மிசோ சூப் மூன்றையும் விலையின்றி மறுபடியும் வாங்கிக்கொள்ளலாம். ‘ஒகாவாரி’ என்றால் மறுபரிமாறல். எல்லாக் கடைகளிலும் இது உண்டு என்று எண்ணிவிடாமல் உணவுப் பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே சாப்பாட்டை வாங்கி, ஒகாவாரியை வைத்து இருவர் உண்பது அங்கே ஏற்கப்படுவதில்லை. பெரியவர்களுக்குத் தலைக்கு ஓர் ஆர்டர் என்பதே வழக்கம். வாங்கியதை மீதம் வைக்காமல் உண்ண வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சோற்றில் குழம்பூற்றிப் பிசைந்து உண்டு வளர்ந்த நமக்குக் கை தானாகவே மிசோ சூப்பைச் சோற்றின் மேல் சாய்க்கும். அங்கே சோறு வெள்ளையாகவே இருக்க வேண்டும். கிண்ணத்தைக் கையில் ஏந்தி, கறி ஒரு வாய், சோறு ஒரு வாய், சூப் ஒரு மிடறு என்று மாற்றி மாற்றி உண்பதே முறை. சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைப்பதும், ஒருவர் சாப்ஸ்டிக்கிலிருந்து இன்னொருவர் சாப்ஸ்டிக்குக்குத் துண்டை மாற்றுவதும் ஈமச் சடங்குகளை நினைவூட்டுவதால், அவற்றைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

நடுவில் இளஞ்சிவப்பு தெரிந்தால் வேகவில்லை என்று உடனே தட்டைத் திருப்பி அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானில் பன்றி இறைச்சியைப் பச்சையாகப் பரிமாறுவது 2015 ஜூன் முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. இறைச்சியின் நடுப்பகுதி 63 டிகிரியில் 30 நிமிடமோ, அதற்கு இணையான வேறு சூட்டிலோ வெந்திருக்க வேண்டும் என்பது விதி. குறைந்த சூட்டில் நிதானமாகப் பொரிக்கும் கடைகளில் விதிப்படி வெந்த பின்னும் அந்த நிறம் சற்று எஞ்சலாம். ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து எதையும் உறுதி செய்துவிட முடியாது. கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் ஆர்டர் செய்யும்போதே நன்றாகப் பொரித்துத் தரும்படி கேட்டுக்கொள்வதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

சைவ நண்பரை, முட்டைக்கோஸும் சோறும் இருக்கின்றனவே என்ற நம்பிக்கையில் அழைத்துப் போவது அவருக்குச் செய்யும் அநீதி. மிசோ சூப்பின் அடிச்சாறு பெரும்பாலும் கட்சுவோபுஷியில் எடுக்கப்படுவது. அது நம் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு. அந்தச் சூப்பிலேயே பன்றிக்கறித் துண்டுகள் போட்ட டொன்ஜிரு என்ற வகையும் உண்டு. பன்றி இறைச்சி உண்ணாதவர், இறால் வறுவல் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பதும் சரிப்படாது. பல கடைகளில் பொரிக்கும் எண்ணெயே பன்றிக் கொழுப்புதான். மற்ற கடைகளிலும் இறாலும் கறியும் ஒரே எண்ணெயில் பொரிய வாய்ப்பு மிகுதி.

கட்சுடோன் வாங்கிவிட்டு மொறுமொறுப்பில்லை என்று குறைபட்டுக்கொள்வதும் பொருத்தமில்லை. வெங்காயமும் முட்டையும் சேர்ந்த சாற்றில் பொரித்த துண்டை வேகவைத்துச் சோற்றின் மேல் கவிழ்ப்பதே அந்த உணவு. அங்கே மேல்தோலின் வேலை சாற்றை உறிஞ்சுவது. நகோயாவில் கரிய மிசோவை ஊற்றித் தரும் மிசோகட்சுவும் அவ்வகையே. கட்சு என்ற ஒலிக்கு ‘வெல்’ என்ற பொருளும் இருப்பதால் தேர்வுக்கு முன்னால் மாணவர்கள் கட்சுடோன் உண்பதுண்டு.

உண்டு முடித்ததும் எழுந்துவிட வேண்டும். கவுன்டரில் பத்துப் பன்னிரண்டு இருக்கைகளே உள்ள கடையில் வெளியே வரிசை நிற்கும்போது பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, அடுத்தவரின் சூடான தட்டைத் தாமதிப்பதாகும். டிப்ஸ் வைக்கக் கூடாது. உணவுக்கு நன்றி என்னும் பொருளில் ‘கோச்சிசோசாமா’ என்று சொல்லிவிட்டுப் புறப்படலாம். மிஞ்சியதைப் பொட்டலம் கட்டித் தரச் சொல்வதற்குப் பதில், பல கடைகள் தனியாகவே விற்கும் கட்சு சாண்டோவை வாங்கிக்கொள்ளுங்கள். சாஸ் தோய்ந்து மென்மையாக இருக்கும்படியே செய்யப்பட்ட அந்தச் சாண்ட்விச், ஆறிப்போய் ரயிலில் பிரித்து உண்ணும்போதும் நன்றாகவே இருக்கும்.