ஒரு செல், ஒரு காந்தம், முக்கால் மீட்டர் கம்பி: பிள்ளைகள் செய்யும் மோட்டார்

இந்த மோட்டாரைச் செய்துகாட்டும் வீடியோக்கள் ஏராளம். எல்லாவற்றிலும் காயில் (கம்பிச் சுருள்) கிறுகிறுவென்று சுற்றும். வகுப்பில் நான்காவது, ஐந்தாவது படிக்கும் பிள்ளைகள் செய்தால் பல காயில்கள் ஒரு துள்ளு துள்ளிவிட்டு அப்படியே நின்றுவிடும். காரணம் அநேகமாக ஒன்றே ஒன்றுதான். அது மூன்றாவது படியில் இருக்கிறது.

தேவையானவை: பெரிய டார்ச் செல் (1.5 வோல்ட்), இரண்டு பெரிய ஊக்குகள், பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வளையம், வட்டக் காந்தம், எனாமல் (மின்சாரத்தைக் கடத்தாத பூச்சு) பூசிய செம்புக் கம்பி, உப்புத்தாள்.

கம்பியை ஆன்லைனில் தேட வேண்டாம். மோட்டார் காயில் கட்டும் கடையில் 24 கேஜ் கேளுங்கள். அதைவிட மெல்லியதாக இருந்தால் முனைகள் தொய்ந்துவிடும். காந்தத்துக்குப் பழைய சின்ன ஸ்பீக்கரில் கழற்றிய கறுப்பு வளையமே என் தேர்வு. பளபளக்கும் குட்டி நியோடிமியம் காந்தங்களுக்கு இழுவிசை அதிகம்தான். ஆனால் இரண்டை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு பெரிய ஆபத்தாகிவிடும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அவை வேண்டவே வேண்டாம்.

1. தடிமனான மார்க்கர் பேனா மீது கம்பியைப் பத்துச் சுற்று சுற்றுங்கள். இரு முனைகளிலும் ஐந்து சென்டிமீட்டர் விட்டு, அவற்றைக் கம்பி வளையத்தின் மேல் இரண்டு முறை சுற்றி இறுக்குங்கள். முனைகள் இரண்டும் எதிரெதிரே ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும்.

2. செல்லைப் படுக்கவைத்து, அதன் இரு முனைகளிலும் (+, −) ஊக்குகளை வைத்து, ரப்பர் வளையத்தால் இறுக்குங்கள். ஊக்கின் சின்ன ஓட்டை மேலே இருக்கட்டும். காந்தத்தைச் செல்லின் முதுகில் வையுங்கள். ஒட்டாவிட்டால் டேப் போடலாம்.

3. இனி சுரண்டல். எனாமலும் செம்பு நிறத்திலேயே இருப்பதால், வெறும் கம்பிதானே என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். உப்புத்தாளில் தேய்த்தால் பழுப்பு போய் இளஞ்சிவப்பாகப் பளிச்சிடும். அதுதான் அடையாளம். பிளேடு வேண்டாம், கம்பியும் வெட்டுப்படும், விரலும் வெட்டுப்படும்.

ஒரு முனையைச் சுற்றிலும் முழுதாகச் சுரண்டுங்கள். மறு முனையில் பாதி மட்டும். எந்தப் பாதி? வளையத்தைச் சக்கரம்போல் நிமிர்த்திப் பிடித்து, முனையை மேசை விளிம்பில் வைத்து, மேல்பக்கத்தை மட்டும் தேய்க்க வேண்டும். வளையத்தைப் படுக்கவைத்துத் தேய்த்தால் பாதிதான் சுரண்டியிருக்கும், ஆனாலும் சுற்றாது.

ஏன் பாதி? இரண்டு முனையையும் முழுதாகச் சுரண்டினால் மின்சாரம் விடாமல் பாயும். அரைச் சுற்று வரை முன்னால் தள்ளும் விசை, அடுத்த அரைச் சுற்றில் பின்னால் தள்ளும். காயில் ஊசலாடி நின்றுவிடும். பாதியில் எனாமல் இருந்தால், பின்னால் தள்ள வேண்டிய நேரத்தில் மின்சாரம் அறுந்துவிடும். வேகத்திலேயே காயில் அந்தப் பாதியைக் கடந்துவிடும்.

4. முனைகளை ஊக்கு ஓட்டைகளில் நுழைத்து, விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். ஒரு பக்கம் எடுபடாவிட்டால் எதிர்ப்பக்கம் சுண்டிப் பாருங்கள்.

சுற்றத் தொடங்கியதும் விளக்கம் சொல்ல அவசரப்படாதீர்கள். "காந்தத்தைத் திருப்பி வைத்தா என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். எதிர்த்திசையில் சுற்றுவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். 1821-இல் மைக்கேல் ஃபாரடே பாதரசக் கிண்ணத்தில் கம்பியைக் காந்தத்தைச் சுற்றி வரச் செய்த கதையை அப்புறம் சொல்லலாம். பாதரசம் கதையோடு நிற்கட்டும்.

பின்குறிப்பு: எல்லாம் சரியாக இருந்தும் சுற்றவில்லை என்று எழுதிய சிலர், புடவைக்குக் குத்தும் வண்ணம் பூசிய ஊக்கைப் பயன்படுத்தியிருந்தார்கள். பூச்சு மின்சாரத்தைத் தடுத்துவிடும், ஓட்டையின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். செல் சுடுகிறதே என்றும் கேட்டிருந்தார்கள். காயில் நின்றுபோன நிலையில் தொடர்பு அறாமல் இருந்தால் சுடத்தான் செய்யும், உடனே கழற்றிவிடுங்கள். ரீசார்ஜ் செல்லும் லித்தியம் பேட்டரியும் இதற்கு ஆகாது.