ஆர்க்டிக் கடல் பனியின் அன்றாடப் படத்தை வாசிப்பது எப்படி

ஆர்க்டிக் பெருங்கடலில் இன்று எவ்வளவு பனி மிதக்கிறது என்பதை அறிய ஆய்வுக் கப்பலில் ஏற வேண்டியதில்லை. அமெரிக்காவின் தேசியப் பனித் தரவு மையமும் ஜெர்மனியின் பிரேமன் பல்கலைக்கழகமும் செயற்கைக்கோள் தரவுகளிலிருந்து நாள்தோறும் ஒரு படத்தை இலவசமாக வெளியிடுகின்றன. செய்திகளில் அதனுடன் வரும், பனியின் அளவைச் சொல்லும் எண் மட்டும் இடம்பெறுவதால், ஓராண்டு ‘வரலாறு காணாத சரிவு’ என்றும் அடுத்த ஆண்டு ‘பனி மீண்டது’ என்றும் தலைப்புகள் மாறி மாறி வருகின்றன. பனிக்கு அடியில் உள்ள கடலின் அமைப்பை முதலில் தெரிந்துகொண்டால்தான் அந்த எண் விளங்கும்.

பள்ளிச் சுவரில் தொங்கும் உலகப்படம் இதற்கு உதவாது. அதில் ஆர்க்டிக் மேல் விளிம்பில் இழுபட்ட ஒரு பட்டையாகத்தான் தெரியும். வட துருவத்தை நடுவில் வைத்து வரைந்த படத்தைப் பார்த்தால், ரஷ்யா, அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து ஆகியவற்றால் ஏறத்தாழச் சுற்றி அடைக்கப்பட்ட, சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கடல் அது என்பது புலப்படும். அதில் மூன்று வாயில்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பசிபிக் பக்கத்துப் பெரிங் நீரிணை சுமார் 85 கிலோமீட்டர் அகலமும் 50 மீட்டர் அளவே ஆழமும் உடையது. கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டு தீவுகளுக்கும் இடையே உள்ள பிராம் நீரிணை 2,500 மீட்டருக்கும் மேல் ஆழமானது. ஸ்வால்பார்டுக்குத் தென்கிழக்கே ஆழம் குறைந்த பேரண்ட்ஸ் கடல் அகலமாகத் திறந்து கிடக்கிறது. பெருமளவு வெப்பம் அட்லாண்டிக் பக்கத்து இவ்விரு வாயில்கள் வழியாகவே உள்ளே வருகிறது.

அடுத்து ஆழத்தைக் கவனியுங்கள். இக்கடலின் ஏறத்தாழப் பாதிப் பரப்பு ஆழமற்ற கண்டத்திட்டு, அதாவது கண்டத்தின் விளிம்பு கடலுக்கடியில் நீண்டு கிடக்கும் பகுதி. சைபீரியக் கரையை ஒட்டிய காரா, லாப்டெவ், கிழக்குச் சைபீரியக் கடல்கள் அத்திட்டின் மேல் உள்ளன. ஓப், யெனிசெய், லீனா ஆகிய பேராறுகள் அங்கே கொட்டும் நன்னீர், எடை குறைந்ததால் மேலே படிந்து, கீழே ஓடும் உப்பு மிகுந்த, வெப்பமான அட்லாண்டிக் நீர் பனியைத் தொடாமல் தடுக்கிறது. பேரண்ட்ஸ் கடல் பகுதியில் இந்தத் தடுப்பு அடுக்கு வலுவிழந்து வருவதால், குளிர்காலத்திலும் அங்கே பனி சேரத் தயங்குகிறது. பனிப்படம் மேற்பரப்பை மட்டுமே காட்டும். அடியில் நடப்பதை அறிய, கருவிகளைக் கடலுக்குள் நங்கூரமிட்டு நிறுத்த வேண்டும். சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கி, ஸ்வால்பார்டின் கோங்ஸ்பியோர்டன் என்னும் குறுகிய கடற்கழியில் 2014இல் இறக்கிய ‘இண்ட்ஆர்க்’ அத்தகைய ஒரு கருவித் தொகுதி.

பனி ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதே பலர் தவறவிடும் செய்தி. 1881இல் சைபீரியாவுக்கு வடக்கே பனியால் நொறுக்கப்பட்ட ஜீனெட் கப்பலின் பொருள்கள் மூன்று ஆண்டுகள் கழித்துக் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் கிடைத்தன. இதிலிருந்து கடலைக் கடக்கும் ஓர் ஓட்டம் இருப்பதாக ஊகித்த நார்வேயின் துருவ ஆய்வுப் பயணி நான்சென், 1893இல் தம் பிராம் கப்பலை வேண்டுமென்றே பனியில் உறையவிட்டார். அது 1896இல் ஸ்வால்பார்டுக்கு வடக்கே வெளிவந்தது. துருவத்தைக் கடக்கும் இந்த ஓட்டத்தையும், அலாஸ்காவுக்கு வடக்கே வலஞ்சுழியாகச் சுற்றும் பியூஃபோர்ட் சுழலையும் படத்தில் அம்புக்குறிகளாக வரைந்துகொள்ளுங்கள். கிரீன்லாந்தின் கிழக்குக் கரையோரம் நீளும் பனிப்பட்டையில் பெரும்பகுதி அங்கே உறைந்தது அன்று, ஏற்றுமதியானது என்பது அப்போது தெரியும்.

இப்போது எண்ணுக்கு வரலாம். படம் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு கட்டத்தில் குறைந்தது 15 விழுக்காடு பனி இருந்தால், அக்கட்டம் முழுவதையும் கணக்கில் சேர்த்துக் கூட்டுவது ‘பரவல்’. பனி உள்ள பங்கை மட்டும் கூட்டுவது ‘பரப்பளவு’. இரண்டையும் கலந்து ஒப்பிடுவது வீண் வேலை. கோடையில் பனியின் மேல் தேங்கும் உருகுநீரைச் செயற்கைக்கோளின் நுண்ணலைக் கருவி திறந்த கடலாக எண்ணிவிடுவதால், அப்பருவத்தில் பரவலே நம்பகமானது.

ஒரு மாதத்தை முந்தைய மாதத்தோடு ஒப்பிடாமல், வேறு ஆண்டுகளின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். பரவல் மார்ச் வாக்கில் 1.5 கோடி சதுர கிலோமீட்டரை ஒட்டி உச்சம் தொட்டு, செப்டம்பரில் அடிமட்டத்துக்கு இறங்கும். 2012 செப்டம்பரில் பதிவான சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டர் என்னும் மிகக் குறைந்த அளவு இன்னும் முறியடிக்கப்படவில்லை என்பதைக் காட்டி, பனி தேறிவிட்டதாக வாதிடுவோர் உண்டு. ஆனால் 2007 முதல் வந்த ஒவ்வொரு செப்டம்பரின் அடிமட்டமும், 1979 முதல் 2006 வரை பதிவான எந்தச் செப்டம்பரையும்விடக் குறைவு. தனி ஒரு சாதனை ஆண்டைவிட படிக்கட்டில் இறங்கியதைப் போன்ற இந்த இறக்கமே எனக்குப் பொருட்படுத்தத்தக்கதாகத் தெரிகிறது.

பரவல் தடிமனைச் சொல்லாது. அதற்குக் கிரையோசாட்-2, ஐஸ்சாட்-2 ஆகிய செயற்கைக்கோள்களின் அளவீடுகளையும் பனியின் வயதைக் காட்டும் படங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1980களின் நடுவில் மார்ச் மாதப் பனியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் பழையது. இன்று அது சில விழுக்காடே. எஞ்சியதில் பெரும்பாலானது ஒரே குளிர்காலத்தில் உறைந்த மெல்லிய பனி என்பதால், கோடையில் எளிதில் உடைகிறது. வெண்பனி மூடிய பரப்பு தன்மேல் விழும் வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்ப, திறந்த கடல்நீர் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உறிஞ்சிக்கொள்கிறது. அவ்வெப்பம் இலையுதிர்காலத்தில் காற்றுக்குத் திரும்பி, உறைதலைத் தாமதப்படுத்துகிறது. 1979 முதல் ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கடல்மட்டத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் இந்தப் படத்தில் விடை தேடாதீர்கள். மிதக்கும் பனி ஏற்கெனவே தன் எடைக்கு உரிய நீரை இடம்பெயர்த்திருப்பதால், அது உருகுவது கடல்மட்டத்தை நேரடியாக உயர்த்துவது மிகமிகச் சிறிதே. அக்கேள்வியோடு வருபவர், 2002இல் தொடங்கிய கிரேஸ் செயற்கைக்கோள் வரிசை அளந்துவரும் கிரீன்லாந்து நிலப்பனியின் எடைக் கணக்கைத் திறக்க வேண்டும்.