இதழில் எழுதிப் பழகியவர்கள் வலைப்பதிவில் செய்யும் தவறுகள்

எழுத்துப் பயிற்சி வகுப்புக்கு வருகிறவர்களில் பலர், இதழ்களில் நாலைந்து கட்டுரைகள் வெளிவந்த பிறகு வலைப்பதிவு தொடங்கியவர்கள். தமிழ் நன்றாக வரும், தரவு தேடத் தெரியும், உழைப்புக்கும் அஞ்சுவதில்லை. ஆனாலும் அவர்களுடைய பதிவுகளைப் படிக்கும்போது, தொடக்க காலத்தில் என்னிடம் இருந்த அதே பழக்கங்களைப் பார்க்கிறேன். ஒற்றுப்பிழை, அடுத்தவர் எடுத்த படத்தைக் கேட்காமல் போடுவது போன்றவற்றை இங்கே பேசப் போவதில்லை. அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தவை, கட்டுரையில் குணமாக இருந்து பதிவுக்கு வந்ததும் குற்றமாகிவிடுபவை.

விஷயத்துக்கு வர மூன்று பத்தி

குறிப்புச் சட்டகம் போட்டு முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பள்ளியில் எழுதிய கை எளிதில் மாறாது. வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது பற்றிய ஒரு பதிவு, உணவு, உடை, உறைவிடம் ஆகியவை மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று தொடங்கியது. நாளைக்குக் கையெழுத்துப் போடப் போகிறவர் தேடலில் வந்து இதைப் படிக்கிறார். முன்பணம் பற்றிய வரி நாலாவது பத்தியில் இருக்கிறது. அவர் அதுவரை இருக்க மாட்டார்.

அதற்காக முன்னுரையே கூடாது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 1580இல் தம் கட்டுரைகளின் முதல் இரு பாகங்களை வெளியிட்ட பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேய்ன், தலைப்பை விட்டு வெகுதூரம் அலைவார். அந்த அலைச்சலுக்காகவே அவரைப் படிக்கிறோம். அங்கே வாசகர் வருவது எழுதியவரின் மனம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க. பதிவுக்கு வருகிறவர் பெரும்பாலும் ஒரு கேள்வியோடு வருகிறார். எழுதப் போவது இவற்றில் எது என்பதை முதல் வரிக்கு முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் இரு வாசகர்களும் போய்விடுவார்கள்.

'சென்ற பதிவில் பார்த்தோம்'

தமிழில் வலைப்பதிவுகள் 2003 வாக்கில் தொடங்கின. அடுத்த ஆண்டு தமிழ்மணம் திரட்டி வந்தது. பல வலைப்பதிவுகளில் வந்த புதிய பதிவுகள் அதில் வரிசையாகத் தெரிந்தன. வழக்கமாகப் படிக்கிறவர்கள் நேற்றைய பதிவையும் இன்றைய பதிவையும் தொடர்ந்து படிப்பார்கள். தொடர்கதை போல எழுதுவதற்கு அப்போது நியாயம் இருந்தது. பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. திரட்டி வழியாகப் படிக்கும் பழக்கமும் தேய்ந்துவிட்டது. இன்றைய வாசகர் தேடலிலிருந்தோ வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பிலிருந்தோ நேராக ஏழாம் பாகத்தில் வந்து விழுகிறார். நூலுக்கு ஒரு வாசல் போதும், பதிவில் ஒவ்வொரு பக்கமும் வாசல். முன்பு சொன்னதை இரண்டு வரியில் மறுபடி சொல்லி, பழைய பதிவுக்கு இணைப்பும் கொடுங்கள்.

'கடந்த வாரம்'

தேதியை எழுதுங்கள்.

சத்தமில்லாமல் திருத்துவது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். இதற்குக் கொடுக்கும் விலையும் அதிகம்.

ஓர் ஊர் ஏரியின் வரலாற்றைப் பற்றி ஒரு பதிவர் எழுதியிருந்தார். மதகில் உள்ள கல்வெட்டை நேரில் போய்ப் பார்த்து, படமெடுத்து, அதன் காலத்தையும் குறிப்பிட்டிருந்தார். நல்ல உழைப்பு. நீர்நிலைகளைப் பற்றி நான் ஓர் இதழுக்கு எழுதிய கட்டுரையில், அவர் பதிவிலிருந்து ஒரு பத்தியைப் பெயரும் முகவரியும் குறிப்பிட்டு மேற்கோளாகக் காட்டினேன். அச்சுக்குப் போகும் முன் உதவி ஆசிரியர் சரிபார்த்தார். அந்தப் பத்தி அங்கே இல்லை. வேறொரு நூற்றாண்டும் வேறோர் அரசன் பெயரும் இருந்தன. இல்லாத மேற்கோளை நானே எழுதிச் சேர்த்துவிட்டேன் என்றுதான் பார்க்கிற எவருக்கும் தோன்றும். கட்டுரை வெளிவரவில்லை, அந்த ஆசிரியர் குழுவின் நம்பிக்கையைத் திரும்பப் பெற நெடுநாள் ஆனது.

விசாரித்தபோதுதான் நடந்தது தெரிந்தது. கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த ஒருவர் பின்னூட்டத்தில் பிழையைச் சுட்டியிருக்கிறார். பதிவர் பத்தியை மாற்றி எழுதிவிட்டு, அந்தப் பின்னூட்டத்தையும் நீக்கிவிட்டார். மேலே தேதி மட்டும் பழைய தேதி. “இப்போது சரியாகத்தானே இருக்கிறது?” என்று என்னிடம் கேட்டார். அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. அந்தக் கேள்வியை உண்மையாகவே கேட்டார். வகுப்பில் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் இதையே கேட்கிறார்.

பதிவு சரியாகிவிட்டது. மேற்கோள் காட்டியவர் பொய்யராகிவிட்டார். தன் படிப்பைச் செலவழித்துத் திருத்தம் சொன்னவரின் பெயர் காணாமல் போய்விட்டது. பழைய பத்தியை நகலெடுத்து ஊர்க் குழுவில் பகிர்ந்தவர்கள் அது பிழை என்பதை அறியவே போவதில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். இதழுக்கு எழுதுகிறவர் மெய்ப்பு பார்த்து முடியும்வரை திருத்திக்கொண்டே இருக்கலாம். அதற்குப் பிறகு அச்சகம் கதவை மூடிவிடும். வலைப்பதிவில் அந்தக் கதவே இல்லை. வெளியிடும் முன் எந்தத் திரையில் எழுதினோமோ, வெளியிட்ட பின்பும் அதே திரைதான் திறக்கிறது. அதனால் வெளியான பதிவும் வரைவாகவே கண்ணுக்குத் தெரிகிறது.

தாளில் இந்தக் காவலைத் தாளே செய்தது. ஆங்கிலக் கட்டுரையாளர் பிரான்சிஸ் பேக்கன் 1597இல் பத்துக் கட்டுரைகளோடு வெளியிட்ட நூல் 1612இல் 38 ஆகவும், 1625இல் 58 ஆகவும் வளர்ந்தது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் ஆண்டு உண்டு. பின்னது வந்ததால் முன்னது அழியவில்லை. மொந்தேய்ன், 1588இல் அச்சான தம் நூலின் பிரதியில் 1592இல் இறக்கும்வரை ஓரங்களில் எழுதிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பிரதி பிரான்சின் போர்தோ நகரில் இருக்கிறது. எந்த வரி எப்போது வந்தது என்று இன்றும் பிரித்துப் படிக்கிறார்கள். நம்மிடமும் இந்த ஒழுக்கம் இருந்தது. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே. சாமிநாதையர், பின்வந்த பதிப்புகளில் திருத்தங்கள் செய்தார். பழந்தமிழ்ப் பதிப்புகளில் பாடபேதங்களை, அதாவது சுவடிக்குச் சுவடி மாறும் சொற்களை, அடிக்குறிப்பாகக் காட்டுவது மரபு. பழைய தமிழ் நூல்களைப் புரட்டினால் 'பிழையும் திருத்தமும்' என்ற பட்டியல் பக்க எண், வரி எண்ணோடு இருக்கும். அதை யாரும் அவமானமாகக் கருதவில்லை.

பதிவுக்கு ஒரே முகவரி; அந்த முகவரியில் ஒரே நிலை. தாள் செய்த வேலையை எழுதுகிறவர்தான் செய்ய வேண்டும். எழுத்துப்பிழை, சந்திப்பிழை என்றால் பேசாமல் திருத்திவிடலாம். ஆண்டு, பெயர், எண், மேற்கோள் என்றால் பழையதை அடித்துக் காட்டி, பக்கத்தில் புதியதை எழுதுங்கள். எந்தத் தேதியில், யார் சொல்லித் திருத்தினீர்கள் என்று கீழே குறிப்பிடுங்கள். கருத்தே மாறிவிட்டது என்றால் புதிய பதிவு எழுதி, பழைய பதிவின் தலையில் அதற்கு இணைப்புக் கொடுங்கள். முகவரியை மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள். அதை நம்பி இணைப்புக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியாது. வசையாக இருந்தாலன்றிப் பின்னூட்டத்தை நீக்காதீர்கள்.

மேற்கோள் காட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. அதில், நீங்கள் மேற்கோள் காட்டும் பக்கத்தை அன்றே சேமித்துவிடலாம். எனக்கு நேர்ந்தபோது அந்தப் பக்கத்தின் நகல் அங்கே இல்லை. இப்போது சேமிக்காமல் ஒரு வரியைக்கூட எடுப்பதில்லை.

'ஆய்வுகள் கூறுகின்றன'

எந்த ஆய்வு? அச்சில் இணைப்புக் கொடுக்க முடியாது, இங்கே முடியும். முடிந்தும் கொடுக்காதவரை நான் நம்புவதில்லை.

பதிவுகளை அப்படியே நூலாக்குவது

இது எதிர்த்திசைத் தவறு. பதிவுகளைத் திரட்டி அச்சிட்ட ஒரு நூலில், 'விவரங்களுக்கு இங்கே சொடுக்கவும்' என்ற வரி தாளில் அப்படியே இருந்ததைக் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு பதிவையும் தனியே வருகிற வாசகருக்காக எழுதியதால், ஆசிரியர் ஊர் மாறிய கதை நூலில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் திரும்ப வந்தது. பதிவில் அது உதவி, நூலில் சலிப்பு. பின்னூட்டத்தில் வந்த நல்ல எதிர்வாதங்களோ நூலுக்குள் வரவே இல்லை. பாதிப் பேச்சை மட்டும் அச்சிட்டது போலாகிவிட்டது. நூலாக்கப் போகிறீர்கள் என்றால் பதிவுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடி எழுதுங்கள். எதிர்வாதம் சொன்னவர்களிடம் அனுமதி கேட்டு, அவர்கள் வாதத்தையும் அவர்கள் பெயரிலேயே சேருங்கள்.