அமெரிக்காவில் கடை வைத்திருக்கும் வேலூர்க்காரர்களுக்கு: தீபாவளிக் கவர் கொடுக்கும் முன்

வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பக்கத்திலிருந்து அமெரிக்கா வந்து புதிதாக உணவகமோ மளிகைக் கடையோ தொடங்கியவர்கள் பண்டிகைக்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள்.

நம் ஊர் வழக்கம் தெரிந்ததுதான். லாங் பஜார் கடைகளில் தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது முதலாளி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஸ்வீட் பாக்ஸ், வேட்டி சேலை, மேலே ஒரு கவர் கொடுப்பார். இங்கே அந்தக் கவரில்தான் சிக்கல். நானும் முதல் வருடம் ஐந்து பேருக்கு ஆளுக்கு 100 டாலர் வைத்துக் கொடுத்தேன். அது சம்பளக் கணக்கில் வரவேண்டியது என்று ஜனவரியில் ஆடிட்டர் சொன்னபோதுதான் தெரிந்தது.

மனசாரக் கொடுத்தது அன்பளிப்புதானே என்று தோன்றும். ஆனால் முதலாளி தொழிலாளிக்குக் கொடுக்கும் பணம் பத்து டாலரானாலும் சம்பளமே. கிஃப்ட் கார்டும் அப்படித்தான். பண்டிகைக்குக் கொடுத்த 35 டாலர் உணவுக் கூப்பனைக்கூட வரிக்குரியது என்றுதான் 2004-ல் ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க மத்திய வரித் துறை) சொன்னது.

அதனால் பேரோலில், அதாவது சம்பளப் பட்டியலில், ஏற்றிக் கொடுங்கள். சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியத் திட்டம்) வரி 6.2%, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரி 1.45% அவர்களிடம் பிடிக்க வேண்டும். அதே அளவு நீங்களும் கட்ட வேண்டும். போனஸைத் தனியாகக் கொடுத்தால் மத்திய வருமான வரியை 22% என்று பிடிக்கலாம். அப்படிப் பிடித்தால், கைக்கு 100 டாலர் போய்ச் சேர ஏறக்குறைய 142 டாலர் போட வேண்டும். உங்கள் பங்கையும் சேர்த்தால் 153. மாநில வரி இருந்தால் அது வேறு. கூடுதல் தொகையை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள் என்பேன். பண்டிகை நேரத்தில் அவர்கள் கையில் குறைந்த தொகை போகக் கூடாது.

ஸ்வீட் பாக்ஸுக்கு இந்தக் கவலை இல்லை. எப்போதாவது கொடுக்கும் சிறு மதிப்புள்ள பொருளுக்கு தொழிலாளிக்கு வரி கிடையாது, உங்களுக்கும் செலவுக் கணக்கில் வரும். ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா, சாதாரண வேட்டி ஒன்று என்றால் சரி. சட்டத்தில் தொகை வரம்பு எழுதியில்லை. ஆனால் 100 டாலரைத் தாண்டியதைச் சிறு மதிப்பு என்று ஏற்க முடியாது என்று ஐ.ஆர்.எஸ். ஒருமுறை சொல்லியிருக்கிறது. பட்டுச் சேலை வேண்டாம்.

ஆளுக்கு 25 டாலர் வரைதான் செலவில் கழிக்கலாம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அது வாடிக்கையாளர், சரக்குக்காரர்களுக்குக் கொடுக்கும் பரிசுக்கு.

அப்புறம் விருந்து. எல்லாத் தொழிலாளிகளையும் அழைத்து பிரியாணி போட்டால் முழுச் செலவையும் வரிக் கணக்கில் கழிக்கலாம். சொந்தக்காரர்கள் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டால் கழிக்க முடியாது. ரசீதுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள். பணம் கொடுக்கும்போது, இது பே ஸ்லிப்பிலும் டபிள்யூ-2 படிவத்திலும் (வருடச் சம்பளம், பிடித்த வரி காட்டும் படிவம்) வரும் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.